ஏழு குப்பிச் சளி

என் மூக்கு கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். புருவத்துக்கு மேலே ஒரு வெட்டு. வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. அது ஒரு மனுஷன் கடித்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள், "பட்டாளத்துல இருந்தீங்களாய்யா?" என்று கேட்பார்கள். பட்டாளமும் இல்லை, போலீசும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்காக ஊர் ஊராகப் போய்ச் சளி வாங்கி வந்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த வேலையை என்னைப்போல் செய்தவன் அன்றைய திருச்சி ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடையாது. புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவோடுதான் இருந்தது.

படிப்பு மூன்றாம் வகுப்பு. சமஸ்தானம் போய் நாட்டோடு சேர்ந்த வருஷம் வாத்தியார் என் காதைத் திருகினார், நான் அவர் கையைக் கடித்தேன், அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. குளத்தூர்ப் பக்கம் பாறையில் கல் உடைக்கப் போனேன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாக லாரி ஓடுகிறது, மாடி வீடு இருக்கிறது. எல்லாம் இந்த இரண்டு கையால் வந்தது. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. சம்மட்டி பிடித்த கை. இருபது வயதில் என் முன்னங்கையை ஒருவன் தன் இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க முடியாது.

ஆஸ்பத்திரி வேலை எனக்குக் கிடைத்ததே ஓர் அடிதடியால்தான். அறுபதுகளின் தொடக்கம். கல் பாறையில் பங்குத் தகராறு. மண்டை பிளந்து, டவுன் ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காசநோய்ப் பிரிவு டாக்டர்தான் அன்றைக்குத் தையல் போட்டார். மயக்க மருந்தெல்லாம் இல்லை. ஊசி ஏற ஏற நான் அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.

"எத்தனை பேருய்யா அடிச்சாங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு பேருங்க."

"அவங்க எங்க?"

"வெளிய வராண்டாவுல படுத்திருக்காங்க. அடுத்து அவங்களத்தான் நீங்க தைக்கணும்."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நூலை அறுத்தார். "ஒனக்கு ஒரு வேலை தாரேன், செய்வியா?" என்றார்.

என்ன வேலை என்றால், அதற்கு முன் சளி சேகரிக்கப் போனவர் ஒரு சாது. பத்தாவது படித்தவர். ஒரு கிராமத்தில் அவரைப் புளியமரத்தில் கட்டி வைத்து விளாரால் அடித்திருந்தார்கள். குப்பிகளையெல்லாம் பாறையில் போட்டு உடைத்துவிட்டார்கள். மறுநாளே அவர் வேலையை விட்டுவிட்டு ஆவூரில் மாமனார் வீட்டோடு போய்விட்டார்.

அடித்தவர்களுக்கும் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் முடி, நகம், காலடி மண், எச்சில் இந்த நான்கையும் அந்நியன் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் செய்வினை வைத்துவிடுவான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. காசம் என்று பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டுக் குடம் ஊருணியில் இறங்க முடியாது. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். நோய் மெல்லத்தான் கொல்லும். ஊர் அன்றைக்கே கொன்றுவிடும்.

டாக்டர் எனக்குச் சளி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நல்ல டாக்டர், வாய்தான் மோசம். "எச்சில அள்ளிக்கிட்டு வந்தேன்னா ஒன் தலையிலயே ஊத்துவேன். வாயில இருக்கிறது எனக்கு வேணாம். நெஞ்சுக்குள்ள இருக்கிறது வேணும்" என்பார். தூங்கி எழுந்ததும் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க நெஞ்சில் தங்கியது அப்போதுதான் வரும். முதலில் வாயைக் கொப்புளிக்க வேண்டும். வெட்டவெளியில் நிற்க வேண்டும். இடுப்பில் கை ஊன்றி, மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமினால் கெட்டியாக மஞ்சளாக வரும். அதுதான் சாம்பிள். நுரையாகத் தண்ணியாக இருந்தால் அது எச்சில். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் காசம் உள்ளவனுக்கும் இல்லை என்றுதான் தெரியும். அவன் வீட்டுக்குப் போய் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டுச் சாவான்.

நான் எப்படி வாங்கினேன் என்று கேட்பீர்கள். நயமாகவும் வாங்கினேன், பயம் காட்டியும் வாங்கினேன். நுரையைத் துப்பி ஏமாற்றுகிறவன் முதுகில் உள்ளங்கையால் ஒன்று வைத்தால் உள்ளே இருப்பது தன்னால் வெளியே வரும். ஒருவன் குப்பியைப் பிடித்த என் விரலைக் கடித்தான். நான் குப்பியை விடவில்லை. அவன்தான் பல்லை விட்டான். ஒரு வீட்டில் மாட்டு மூத்திரத்தைத் தலையில் கொட்டினார்கள். துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று வாங்கினேன்.

ஆனால் ஆஸ்பத்திரி முறை ஒன்று இருந்தது. இருமுகிறவர்களுக்கு முதல் நாள் சாயங்காலமே குப்பியைக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அவரவர் வீட்டுக்குள் இருமி எடுத்து வைப்பார்கள். முறையை வைத்தது நான் இல்லை.

என் தங்கச்சியைக் குடுமியான்மலைக்கு மேற்கே ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். கூட்டுக் குடும்பம். மாமியார், மூத்த மகன், இளைய மகன். இளையவன்தான் என் தங்கச்சி புருசன். மூத்தவனை எல்லோரும் பெரியவன் என்றுதான் சொல்வார்கள். அவன் ஓர் ஆள். அப்படிப்பட்ட உடம்பை நான் இன்னொரு தடவை பார்க்கவில்லை, என்னுடையதைத் தவிர. மஞ்சுவிரட்டில் அவன் இறங்கினால் மாட்டுக்காரர்கள் கயிற்றை அவிழ்க்கத் தயங்குவார்கள். வெற்றிலை போடமாட்டான், பீடி குடிக்கமாட்டான். மனைவி இறந்து மறுகல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தாய்க்கு அவன் சாமி மாதிரி. தெருவுக்கும் அப்படித்தான்.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியும் இருமல் நிற்கவில்லை. அவளோடு சேர்த்து அந்தத் தெருவில் இருமுகிறவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் குப்பி கொடுத்துவிட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் வழக்கமாகக் கதவைச் சாத்துகிற தெரு. அன்றைக்கு ஒருவரும் முறைக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் பேச்சுக்கு மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கு முன்னும் மயங்கியிருக்கிறார்கள்.

விடிந்ததும் போனால் ஏழு குப்பியும் தயார். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஆகா! ஏழும் முதல் தரம். எச்சில் ஒரு சொட்டுக் கிடையாது. கெட்டியாக, மஞ்சளாக, குப்பியைச் சாய்த்தால் நகராமல் நின்றது. பெரியவன் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்று சிரித்தான்.

"என்ன மாப்ள, சரக்கு போதுமா? இன்னும் வேணுமா?"

"போதும் மச்சான். ஒங்க தெருவுல இம்புட்டு ஒழுக்கம் எப்ப வந்துச்சு?"

"ஒன் தங்கச்சி இங்க வாக்கப்பட்டு வந்தாள்ல, அன்னக்கி வந்துச்சு" என்றான்.

சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். டாக்டர் ஒவ்வொரு குப்பியாகத் தூக்கிப் பார்த்தார். என் தோளில் தட்டினார். "இந்த மாதிரி சாம்பிள் நான் மெட்ராசுலகூடப் பாத்ததில்லய்யா" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி முழுக்க நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறேன், டாக்டர் என் சட்டையைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. யாரு சளிடா இது?"

ஏழு குப்பியிலும் காசக் கிருமி. சாயம் போட்டுப் பார்த்தால் ஏழிலும் சிவப்புக் குச்சிகள் கொத்துக்கொத்தாக நிற்கிறதாம். ஒரு தெருவில் ஏழு பேருக்கு வரலாம். ஏழிலும் ஒரே மாதிரி, ஒரே அளவுக்கு வராது என்றார். "ஊருக்குள்ள போக பயந்துக்கிட்டு எவனோ ஒரு நோயாளிகிட்ட ஏழையும் நிரப்பிக்கிட்டு வந்தியா? இல்ல, நீயே துப்புனியா?"

பயந்துகொண்டா! நானா! என் கை ஓங்கியது. அவர் டாக்டர் என்பதால் பாதியில் நின்றது. பக்கத்தில் இருந்த குப்பியை எடுத்து, அவர் கண் முன்னால் மூச்சிழுத்து இருமித் துப்பி மேசையில் வைத்தேன். "பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க" என்றேன். பார்த்தார். சுத்தம். என் நெஞ்சில் என்ன இருக்கும்?

ஆனால் கெடுதல் அதற்குள் நடந்திருந்தது. முடிவு தெரிந்த அன்றே, ஏழு பேரையும் கூட்டிவர ஜீப்பை அனுப்பிவிட்டார்களாம். டாக்டருக்குச் சந்தேகம் வந்தது அதற்கப்புறம்தான். ஜீப் ஏழு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. தெரு முழுக்கக் கல்லால் அடித்து ஜீப்புக் கண்ணாடியை நொறுக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டு, எல்லோரும் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறார்கள்: சளிக்காரன் தங்கச்சி. அவள் வந்த பிறகுதான் தெருவில் இருமல். அவள்தான் கொண்டு வந்தாள். ஆறு வீட்டுக்கும் தங்கள் பெயரைக் கழுவ அது சுலபமான வழி.

நான் போய்ச் சேரும்போது சாயங்காலம். தங்கச்சி மாட்டுக் கொட்டகையில் கிடந்தாள். உதடு கிழிந்திருந்தது. முதுகில் சாட்டைக் கம்பின் தடம். மார்பில் பால் கட்டிச் சேலை நனைந்திருந்தது. பிள்ளை வீட்டுக்குள் கத்துகிற சத்தம் கேட்டது. மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கி காலையில மந்தையில வச்சுப் பேசி முடிச்சு வண்டி கட்டிருவோம். ஒன் தங்கச்சிய நீ கூட்டிக்கிட்டுப் போ. புள்ள எங்க வீட்டுப் புள்ள. அது இங்கதான் இருக்கும்."

"அத்தே, எம் பொறுமையச் சோதிக்காதீக."

"ஒன் பொறுமைய நான் எதுக்குடா சோதிக்கிறேன்? நீதான ஊரு முழுக்கச் சோதிச்சுக்கிட்டுத் திரியிற!"

கொட்டகைக்குப் போனேன். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தக் குப்பியில நான் துப்பலண்ணே."

"பின்ன யாரு?"

வாயை மூடிக்கொண்டாள். உலுக்கினேன். "சூடம் அணைச்சிருக்கோம்ணே. தெருவே அணைச்சிருக்கு. எம் புள்ள மேல ஆணையா நான் சொல்லக்கூடாது" என்று அழுதாள். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீறமாட்டார்கள். பிள்ளை போய்விடும் என்று பயம். சொன்னாலும் பிள்ளை போகும், சொல்லாவிட்டாலும் பிள்ளை போகும். அவள் நிலைமை அது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த ஏழு பேரில் நாலு பேர் தூங்கும்போதுகூட வெற்றிலையை அடக்கிக்கொண்டு தூங்குகிறவர்கள். அவர்கள் கொப்புளித்துவிட்டுத் துப்பினாலும் குப்பி லேசாகவாவது சிவந்திருக்கும். ஏழு குப்பியிலும் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லை. சாம்பிள் நல்ல சாம்பிள் என்ற மப்பில் நான் மட்டும் இல்லை, மெட்ராஸ் பார்த்த டாக்டரும் அதைக் கவனிக்கவில்லை.

நாலு பேரில் ஒருவர் செக்கு ஆட்டுகிறவர். நேராகச் செக்கடிக்குப் போனேன். அவர் வாயைத் திறக்கச் சொன்னேன். செக்கச் செவேல் என்று இருந்தது. கழுத்தைப் பிடித்துச் செக்கு உரலின் விளிம்பில் சாய்த்தேன். மாடு நின்றுவிட்டது.

"குப்பியில துப்புனது யாரு?"

"விடுங்க தம்பி... சூடம்..."

"சூடத்தக் கையில அணைச்சீக. நான் ஒங்க கண்ண அணைச்சிருவேன்."

இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சொல்லிவிட்டார்.

"ஒங்க தங்கச்சி வீட்டுப் பெரியவந்தான் தம்பி. எச்சிய வெளிய குடுத்தா செய்வினை, சளியக் குடுத்தா ஊரு ஒதுக்கிரும். குடுக்காட்டி நீங்க விடமாட்டீக. என்ன பண்றதுன்னு எல்லாருமாப் போயி அவங்கிட்டக் கேட்டோம். இரும்பு மாதிரி ஆளு. அவன் சளியில என்ன இருக்கப் போவுது? அவனுக்குச் செய்வினையும் புடிக்காது. ஏழையும் கொண்டான்னான். ஒரே மூச்சுல ஏழுலயும் துப்பிக் குடுத்தான் தம்பி. சிரிச்சுக்கிட்டே துப்புனான்."

நான் கையை எடுத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜில்லாவிலேயே திடமான ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அவனுக்குத்தான் காசம் முற்றியிருக்கிறது. அவனைச் சந்தேகிக்க மனம் வராமல்தான் தெரு என் தங்கச்சியைப் பிடித்திருக்கிறது.

அப்போதே அவனைப் பிடித்திருக்கலாம். ஆனால் சளிக்கு விடியற்காலைதான் நல்லது. எனக்குத் தொழில் தெரியும். அங்கே கிடந்த ஒரு கம்பை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, கிழக்கு வெளுத்ததும் இடுப்பில் ஒரு குப்பியைச் செருகிக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். அவன் தினமும் அங்கேதான் காளையை நடத்துவான்.

கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. காளையைக் கருவேல மரத்தில் கட்டிவிட்டு, குனிந்து இருமிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்காத இடத்தில்தான் அவன் இருமுவான் போலிருக்கிறது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"என்ன மாப்ள, வெள்ளெனவே?"

"ஒரு குப்பி கொறையுது மச்சான். ஏழுதான் குடுத்தீக. ஒங்களுக்குன்னு ஒண்ணு குடுக்கலயே."

அவன் முகம் மாறியது. "எவன் சொன்னான்?"

"ஒங்க சளியே சொல்லுச்சு."

அடித்தான். மூக்கில். எலும்பு நொறுங்குகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. அந்த அடியை வாங்கி நின்றவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். நான் அவன் விலாவில் கொடுத்தேன். அவன் என்னை அப்படியே தூக்கி வெடித்த களிமண்ணில் போட்டான். முதுகில் ஏறினான். என் முகத்தை மண்ணில் தேய்த்தான். நான் மண்ணை அள்ளிக் கண்ணில் வீசி, புரண்டு எழுந்து, தலையால் அவன் நெஞ்சுக்குழியில் முட்டினேன். கிடாய் முட்டுகிற முட்டு. இரண்டாவது முட்டில் அவன் மூச்சு அடைத்தது. மூன்றாவதில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் வந்தது இருமல். பாறைக்கு வெடி வைத்தால் அடியிலிருந்து கிளம்புமே, அந்த மாதிரி. உடம்பே தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒரு கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் குப்பியை எடுத்து, மூடியைப் பல்லால் திருகித் துப்பிவிட்டு, வாய்க்கு நேரே பிடித்தேன். அந்த நிலையிலும் அவன் என் வயிற்றில் குத்தினான். நான் பிடித்த பிடியை விடவில்லை. கொப்புளிக்கச் சொல்ல நேரமில்லை, அது ஒன்றுதான் குறை. குப்பி நிறைந்ததும், மண்ணில் கிடந்த மூடியைத் தேடி எடுத்து மூடினேன். சண்டை போட்டுக்கொண்டே சாம்பிள் எடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சூரியன் மேலே வந்திருந்தது. குப்பியை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். மஞ்சளில் நூல் நூலாக ரத்தம் ஓடியது. அவன் அதையே பார்த்தான். அதுவரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"எப்பயிருந்து?"

"போன தைக்கு முன்னாடியே. துப்ப மாட்டேன்னா சந்தேகம் வந்துரும்னுதான் ஏழுலயும் துப்புனேன்." வாயைத் துடைத்துக்கொண்டான். "வெளிய சொன்னேன்னா ஒன்னய வெட்டிப் பொதச்சிருவேன்."

"நான் சொன்னா எவன் நம்புவான்? இத டவுனுக்குக் கொண்டு போயி, சாயம் போட்டுப் பாத்து, முடிவு வரப் பொழுது சாஞ்சிரும். இப்ப மந்தையில கூடுறாக. நீங்க துப்புனதுக்கு எந் தங்கச்சி மார்ல பாலோட புள்ளைய விட்டுட்டுப் போகணுமாம். நீங்களே சொன்னாத்தான் உண்டு."

அவன் காளையை அவிழ்த்துக்கொண்டு நடந்துவிட்டான்.

மந்தைக்கு வந்தால் ஊரே கூடியிருக்கிறது. வண்டி பூட்டி நிற்கிறது. மாமியார் பேசிக்கொண்டிருந்தாள். குப்பியில் துப்பியது பெரியவன் என்று நான் சொன்னேன், கத்தினேன். "சளிக்காரப் பயலே, ஒன் புளுகை நிறுத்து" என்று நாலு பேர் பாய்ந்து என்னைப் பின்னால் தள்ளினார்கள். செக்குக்காரரைப் பார்த்தேன். அவர் துண்டால் கழுத்தை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். தங்கச்சி அதற்குள் வீட்டுக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மாமியார் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். தங்கச்சி அவளைக் கன்னத்தில் அறைந்தாள்.

மருமகள் மாமியாரை ஊர் நடுவில் அறைவதை யார் பார்த்திருக்கிறார்கள்?

சின்னவன் வண்டியிலிருந்து மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை உருவிக்கொண்டு வந்து பெண்டாட்டி மேல் ஓங்கினான். குச்சி இறங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்திருந்தது. பெரியவன். தம்பியை ஓர் உதை விட்டான். அவன் வண்டிச் சக்கரத்தில் போய் விழுந்தான்.

"அவ துப்பலடா. அவ குப்பியில துப்புனது நான். ஏழுலயும் நான். எனக்குத்தான் காசம்."

"எய்யா, வாய மூடுய்யா!" என்று தாய் அலறினாள்.

"சும்மா இரு ஆத்தா. சூடம் அணைச்சவன் நானும்தான். சாமி எடுத்துக்கிறதா இருந்தா என்னைய எடுத்துக்கிரட்டும்." மற்ற ஆறு வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். "எம் பாட்டுக்கு இருந்தவங்கிட்டக் குப்பியக் கொண்டாந்து நீட்டுனீகள்ல? இப்ப சொல்லுங்கடா, நான் பொய் சொல்றேன்னு."

பதிலாக ஒரு கல் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அவன் நெற்றியில் பட்டது. அதற்கப்புறம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. "எங்க புள்ளைகளத் தூக்கித் தோள்ல வச்சுத் திரிஞ்சியேடா!" என்று ஒருத்தி கத்திக்கொண்டே எறிந்தாள். "எங்க ஊருணியில குளிச்சியேடா!" என்று இன்னொருவன். நாலு நாளைக்கு முன்னால் அவன் நெஞ்சுச் சளிக்குக் கெஞ்சிக்கொண்டு நின்ற அதே ஆட்கள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. மாட்டின் கொம்பைப் பிடித்து நிறுத்தியவன், கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றான்.

நான் கம்பை எடுத்தேன். சிலம்பம் நான் யாரிடமும் படித்ததில்லை. அன்றைக்குச் சுற்றியதைப் படித்தவன் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பான். முன்னால் வந்த இரண்டு பேருக்கு முட்டிக்குக் கீழே கொடுத்தேன். ஒருவன் அரிவாளோடு வந்தான்; மணிக்கட்டில் விழுந்த அடியில் அரிவாள் வண்டிக்கு அடியில் போய்க் கிடந்தது. எனக்குப் புருவம் கிழிந்தது அப்போதுதான். ரத்தம் கண்ணை மறைத்தது. மறைத்த கண்ணோடு பெரியவனைச் சைக்கிள் கேரியரில் தூக்கி உட்காரவைத்து, ஒரு கையில் கம்பும் ஒரு கையில் ஹேண்டில்பாரும் பிடித்துக்கொண்டு மிதித்தேன். ஊர் எல்லை தாண்டும்வரை கல் வந்துகொண்டிருந்தது.

புதுக்கோட்டை ரோட்டில் வந்து சேர்ந்த பிறகுதான் பேசினான்.

"மாப்ள, மூக்கு ரொம்ப வலிக்குதா?"

"ஒங்க கையில என்ன வலு இருக்கு? ஈ ஒக்காந்த மாதிரி இருந்துச்சு."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, சைக்கிளே ஆடியது. "எம் பக்கம் இருமாதீக மச்சான், அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றேன். அதுவும் டாக்டர் கற்றுக்கொடுத்ததுதான்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இதுல நோயாளி எவன்?" என்று கேட்டார். இடுப்பிலிருந்த குப்பியை எடுத்து வைத்தேன். உடையவில்லை. அவனை அன்றே வார்டில் சேர்த்தார்கள்.

மறுவாரம் டாக்டரே போலீசோடு அந்தத் தெருவுக்கு வந்தார். இந்தத் தடவை குப்பியை யார் வீட்டிலும் விடவில்லை. ஏழு பேரையும் விடிந்ததும் கண்மாய்க் கரையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கொப்புளிக்கச் சொல்லி, மூச்சிழுக்கச் சொல்லி, என் கண் முன்னால் இருமவைத்து வாங்கினேன். பெண்கள் ஆம்பிளை முன்னால் அடிவயிற்றிலிருந்து இருமமாட்டார்கள், வெட்கம். அதற்குப் பனை ஓலைத் தட்டி கட்டி, தட்டிக்குப் பின்னால் தங்கச்சியை நிறுத்தினேன். அவள் சும்மா நிற்கவில்லை. "நல்லா இழுத்து இருமுங்கத்தா! எம் முதுகுல அடிக்கிறப்ப வந்த மூச்சு இப்ப எங்க போச்சு?" என்று அதட்டுவது இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஏழில் ஆறு சுத்தம். தங்கச்சியும் சுத்தம். செக்குக்காரருக்கு மட்டும் நிஜமாகவே இருந்தது. கழுத்தைப் பிடித்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று என்று அவரிடமே சொன்னேன். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து நான் வாங்கிய எந்தச் சாம்பிளும் என் கண்ணோ, நான் நிறுத்திய ஆளின் கண்ணோ பார்க்காமல் குப்பிக்குள் விழுந்ததில்லை. பின்னால் மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொன்னார் டாக்டர். அந்த முறை டாக்டர் வைத்தது என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தங்கச்சியை அந்த வீட்டிலிருந்து யாரும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் அவள் போயிருக்கமாட்டாள். மாமியார் மட்டும் சாகும்வரை அவளோடு பேசவில்லை. சின்னவன் என்னைக் கண்டால் வரப்பில் இறங்கி ஒதுங்கிப் போவான்.

மாதக்கணக்கில் ஊசி போட்டுப் பெரியவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். தோள் இரண்டும் சட்டைக்குள் தொங்கின. இனி அவனிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னால் ஊர் கேட்குமா? அவன் வந்த மறுநாள் தங்கச்சி குடத்தோடு ஊருணிக்குப் போயிருக்கிறாள். ஜீப்புக் கண்ணாடியை உடைத்தவர்களில் ஒருவன் படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறான்.

"அந்த வீட்டுக் கொடம் இதுல எறங்கக்கூடாது."

"தள்ளுங்க."

"காசக்காரனுக்குச் சோறு பொங்குறவளுக்கு இங்க தண்ணி கெடையாது. ஒங்கண்ணன வரச் சொல்லு, அவன் வந்து அள்ளட்டும்."

நான் அன்றைக்கு ஆவூர்ப் பக்கம் சளி வாங்கப் போயிருந்தேன். அங்கே இருந்திருந்தால் அவன் கை ஒடிந்திருக்கும். தங்கச்சி இரண்டாவது தடவை சொல்லவில்லையாம். பித்தளைக் குடத்தை விளிம்பைப் பிடித்துச் சுழற்றி அவன் வாயில் அடித்திருக்கிறாள். முன்பல் இரண்டு படியில் விழுந்ததாம். மற்றப் பெண்கள் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்களாம். குடத்தின் அடிப்பக்கம் நசுங்கிப் போயிருக்கிறது. அதை அப்படியே தண்ணீரில் முக்கி, நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தாண்டி வந்திருக்கிறாள். வீட்டில் பெரியவன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் பயந்து, தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். அவள் செம்பில் தண்ணீர் மொண்டு அவனுக்கு முதலில் கொடுத்திருக்கிறாள்.